பத்து வாட் வெயில்: தெற்குச் சன்னலுக்கு வாங்கிய குரோ லைட்

போன குளிர்காலத்துக்கு முன்பு, சன்னலோரச் சக்குலென்ட் செடிகளுக்காக (தடித்த இலைகளில் நீரைச் சேர்த்து வைப்பவை) ஒரு குரோ லைட், அதாவது செடி வளர்க்கும் விளக்கு, வாங்கினேன். இரண்டு தலை, வளையும் கழுத்து, மேசை விளிம்பில் மாட்டும் கிளிப், யு.எஸ்.பி. வயர். பெரிய பிராண்ட் எதுவும் இல்லை. இதே அச்சில் பல பெயர்களில் இணையக் கடைகளில் கிடைக்கிறது. நான் வாங்கியபோது விலை 300 தென்னாப்பிரிக்க ரேண்டை ஒட்டி. இதை யார் வாங்கலாம், யாருக்கு இது தேவையே இல்லை என்று விவரமாகத் தமிழில் எழுதியவர் யாரும் என் கண்ணில் படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் சன்னலைப் பற்றி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெரீயா பகுதியில் எங்கள் ஃபிளாட். ஹாலில் இருக்கும் ஒரே பெரிய சன்னல் தெற்குப் பார்த்தது. செடி வளர்ப்புக் காணொளிகளில் பாதி, "தெற்குச் சன்னலில் வையுங்கள், நல்ல வெயில் வரும்" என்கின்றன. அது வட அரைக்கோளத்துக்காரர்களுக்குச் சொன்னது. டர்பன் நிலநடுக்கோட்டுக்கு 30 பாகை தெற்கே இருக்கிறது. இங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்கு வானில்தான். வெயில் வேண்டுமென்றால் வடக்குச் சன்னல். தெற்குச் சன்னலுக்குக் குளிர்காலம் முழுக்க ஒரு கீற்று நேர் வெயில்கூடக் கிடையாது. மார்கழி பக்கம் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மட்டும் கொஞ்சம் சாய்ந்து எட்டிப் பார்க்கும். டர்பனுக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் செடி வாங்கும் முன் கட்டாயம் திசை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடக்குச் சன்னல்காரர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜூன் 21 அன்று நடுப்பகலில் சூரியன் 37 பாகை உயரம்தான் ஏறும். அதனால் ஆனி, ஆடியில் வெயில் அறைக்குள் நெடுந்தூரம் வந்து படுக்கும். டிசம்பர் கடைசியிலோ 83 பாகை, ஏறக்குறைய உச்சிக்கு மேல். வெயில் சன்னல் திட்டோடு நின்றுவிடும். ஒரே சன்னல், ஒரே தொட்டி, ஆனால் தையில் கிடைக்கும் வெயில் வேறு, ஆடியில் கிடைப்பது வேறு. ஆகவே தொட்டியைப் பருவத்துக்குத் தகுந்தாற்போல் நகர்த்த வேண்டும்.

இனி விளக்கு. பெட்டியில் "40 வாட்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. கூடவே வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 5 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 10 வாட். அதற்கு மேல் அந்த அடாப்டரால் கொடுக்க முடியாது. இந்த மாதிரி விளக்குகளில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாமல் அடாப்டரைப் பாருங்கள். உண்மை அங்கேதான் அச்சாகியிருக்கும்.

கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலி போட்டு அளந்தேன். துல்லியக் கருவி இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். தெற்குத் திட்டில் தெளிந்த நாளில் 2,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவு. விளக்குக்கு 15 சென்டிமீட்டர் கீழே 5,500. 30 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 1,400 தான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி ஆகிறது. ஆகவே விளக்கை எட்டத்தில் அழகாக நிறுத்தி வைத்தால் அது செடிக்கு இல்லை, நமக்குத்தான். பக்கத்து வீட்டு வடக்குச் சன்னலில் கண்ணாடி வழியாக வந்த நேர் வெயில் 40,000 காட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: விளக்கின் கீழ் 12 மணி நேரம் இருந்தாலும், வடக்குச் சன்னலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வெயில்தான் செடிக்குக் கிடைத்திருக்கும். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, இலைக்கானது அல்ல. ஆனாலும் இந்த விளக்கின் தகுதி என்ன என்று இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

அந்தத் தகுதிக்கு ஏற்ற செடிகள் இருக்கின்றன, அதுவும் இந்த மண்ணிலேயே. ஹவொர்த்தியா, காஸ்டீரியா இரண்டும் தென்னாப்பிரிக்கச் செடிகள். காட்டில் புதர் நிழலிலும் பாறை இடுக்கிலும் வளர்பவை. ஹவொர்த்தியா கூப்பரி என்ற வகையின் இலை நுனி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். உடம்பு மண்ணுக்குள் புதைந்திருந்தாலும் அந்த நுனி வழியாக ஒளி உள்ளே இறங்கும். எதிர் வீட்டு ஆயா லேஸ் திரைக்குப் பின்னால் இவற்றை வரிசையாக வைத்திருக்கிறார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தாய்ச்செடிகளாம். "இது வெயிலுக்குப் பயந்த பிள்ளை கண்ணு, ஆனா இருட்டுல போட்டுடாதே" என்று ஒரு குட்டியைப் பிரித்துக் கொடுத்தார். அந்தக் குட்டி இந்த விளக்கின் கீழ் குளிர்காலம் முழுக்கக் கச்சிதமாக, இலைகள் இறுகி, வடிவம் கலையாமல் நின்றது. மிக அருகில், ஒரு சாண் தூரம்கூட இல்லாமல் வைத்தபோது இலை செம்பழுப்பாக மாறத் தொடங்கியது. கொஞ்சம் உயர்த்தியதும் பச்சை திரும்பியது. அந்தச் சிவப்பு கெடுதல் இல்லை, அதிக ஒளிக்கு எதிராகச் செடி போட்டுக்கொள்ளும் நிறம். வெளுத்த, காய்ந்த திட்டு வந்தால்தான் தீக்காயம். அது ஆறாது, அந்த இலை உதிரும்வரை தழும்பு இருக்கும். அதனால் எந்தச் செடியையும் நிழலிலிருந்து ஒரேயடியாக வெயிலுக்குத் தள்ளாமல், ஓரிரு வாரம் எடுத்துப் படிப்படியாகப் பழக்குங்கள்.

எச்செவீரியாவுக்கு இந்த விளக்கு போதவில்லை. மெக்சிகோ வெயிலில் பிறந்த செடி அது. ரோஜா மாதிரி அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, தண்டு நெட்டையாகி, விளக்குப் பக்கம் சாய்ந்தது. அப்படி நீண்ட தண்டு பிறகு எவ்வளவு வெயில் காட்டினாலும் சுருங்காது. தலையை வெட்டிக் காயவிட்டு மறுபடி நட வேண்டியதுதான். என்னுடையதை நட்டு ஆயா வீட்டு வடக்குத் திட்டுக்கே அனுப்பிவிட்டேன். கூழாங்கல் வடிவச் சக்குலென்ட்டான லித்தாப்ஸுக்கு இந்த விளக்கை நினைக்கவே வேண்டாம். 1811-ல் இந்நாட்டின் பிரீஸ்கா ஊர் அருகே வில்லியம் பர்ச்செல் என்ற இயற்கை ஆய்வாளர் விசித்திரமான கூழாங்கல் என்று நினைத்து எடுத்துப் பார்த்த செடி அது. திறந்த வெளி வெயிலில் வாழ்வது. ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள், விதையிலிருந்து வளர்த்து விற்கும் நர்சரியில் மட்டும் வாங்குங்கள். இந்நாட்டின் வறண்ட மேற்குப் பகுதியில் சின்னச் சக்குலென்ட்களைக் காட்டிலிருந்து பிடுங்கிக் கடத்துவது பெரிய கொடுமையாக நடக்கிறது. மலிவு விலைக்கு வேர் பிய்ந்த செடி கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்.

டைமர் 3, 9, 12 மணி நேரம் என்று இருக்கிறது. நான் 12-இல் வைக்கிறேன். இரவு முழுக்க எரியவிடக் கூடாது. சக்குலென்ட்களில் பெரும்பாலானவை பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் காற்றிலிருந்து கரியமில வாயுவை உள்ளே எடுக்கின்றன. இருட்டு அவற்றுக்கு வேலை நேரம். குறை என்னவென்றால், மின்சாரம் போனால் இந்த டைமர் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. கரன்ட் வந்த பிறகு நாமே போய் அமுக்க வேண்டும். லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) ஓயாமல் இருந்த 2023-ல் இது கையில் இருந்திருந்தால் பயன்பட்டிருக்காது. செலவு பயப்படும்படி இல்லை, மாதம் 4 யூனிட்டுக்கும் குறைவு.

ஊதா நிறத்தில் எரியும் ஒரு முறையும் உண்டு. அதைத் தொடுவதில்லை. வெள்ளை ஒளியிலேயே செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் இருக்கின்றன. ஊதாவில் இலை வெளுத்திருக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று ஒன்றும் தெரியாது. கிளிப்பின் ஸ்பிரிங்கில் கடல் காற்றுக்குத் துரு ஏறிவிட்டது. கழுத்தும் தளர்ந்து மெல்ல இறங்குகிறது. வாரம் ஒருமுறை ஸ்கேல் வைத்துத் தூரத்தைச் சரிசெய்கிறேன்.

தெற்குச் சன்னல், இரண்டு மூன்று ஹவொர்த்தியா அல்லது காஸ்டீரியா என்றால் தைரியமாக வாங்கலாம். வடக்குச் சன்னல் இருந்தால் அந்தப் பணத்துக்கு ஒரு மெல்லிய திரை போதும். வாங்குவதென்றால் இரண்டு தலை உள்ளதையே வாங்குங்கள். நான்கு தலை மாடலும் பெரும்பாலும் அதே அடாப்டரோடுதான் வருகிறது. அதே 10 வாட் நான்காகப் பிரிந்து, ஒவ்வொரு தொட்டிக்கும் பாதி வெளிச்சம்தான் கிடைக்கும்.