தோட்டக் கிளையா, ஈப்போ பாணி ஊர்க் கட்சியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி ரப்பர்த் தோட்டப்புற ஊரில் அரசியல் வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. நாடு முழுக்கப் பரவிய பெரிய கட்சி ஒன்றுக்கு இங்கே கிளை திறக்கலாம். அல்லது 1950-களில் ஈப்போவில் மக்கள் முற்போக்குக் கட்சி வளர்ந்த மாதிரி, ஊர்ப் பிரச்சினையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள்ளேயே வேர் விடலாம். எங்கள் குழு எடுத்தது இரண்டாவது வழி. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கிளை வழியின் பலம் எல்லாருக்கும் தெரிந்தது: சின்னம், பணம், மேலிடத்தில் ஆள். 1946-இல் தொடங்கிய ம.இ.கா. (இந்தியர்களின் காங்கிரஸ் கட்சி) தோட்டந்தோறும் கிளை வைத்ததற்குக் காரணம் இருந்தது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வீடு, தண்ணீர், ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்), பள்ளிக்கூடம் எல்லாமே நிர்வாகத்தின் கையில். துரையை, அதாவது தோட்ட நிர்வாகியை, மீறிப் பேச வேண்டுமானால் கோலாலம்பூரில் ஒரு குரல் வேண்டும். ம.இ.கா. தலைவராகவும் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் அமைச்சரவையில் இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்க வைத்தார். ஊர்க் கட்சி எதுவும் அதைச் செய்திருக்க முடியாது. வேட்பாளரை மேலிடம்தான் முடிவு செய்யும், தலைவர் மாறினால் கிளையும் இரண்டாக உடையும் என்பவை இதன் குறைகள். அவற்றை விளக்கத் தேவையில்லை.

ஈப்போ கதையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் என்ற வழக்கறிஞர் சகோதரர்கள் மக்கள் முற்போக்குக் கட்சியை 1953-இல், முதலில் பேராக் முற்போக்குக் கட்சி என்ற பெயரில், தொடங்கினார்கள். 1955 பொதுத் தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 52 இடங்களில் 51-ஐ ம.இ.கா.வும் சேர்ந்திருந்த கூட்டணிக் கட்சி அள்ளிக்கொண்டது. ஆனால் 1957 கடைசியில் ஈப்போ–மெங்லெம்பு இடைத்தேர்தலில் டி.ஆர். ஜெயித்தார். 1959-இல் நாடாளுமன்றத்தில் நான்கு இடங்கள். ஈப்போ நகராட்சியும் கட்சியின் கைக்கு வந்தது. தமிழர் இருவர் தலைமை தாங்கினாலும், ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்குச் சீனர்கள், அதிலும் அவசரகாலத்தில் குடியேற்றப்பட்ட புதுக்கிராமங்களின் மக்கள். பினாங்கிலும் இதே காற்று வீசியது. ஜார்ஜ் டவுன் 1957-இல் மாநகரானபோது அதன் முதல் மேயரானவர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன்.

இவர்கள் எதை வைத்து வளர்ந்தார்கள் என்பதுதான் முக்கியம். நாடாளுமன்றத் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவது. அங்காடிக் கடை லைசென்ஸ், மார்க்கெட் மேசை, லோங்காங் (சாக்கடை வடிகால்), தெருவிளக்கு, வீட்டு வரி ஆகியவை தினசரிப் பிரச்சினை. இவற்றை முடிவு செய்யும் மன்றத்துக்கு அன்று தேர்தல் இருந்தது. லைசென்ஸ் கிடைக்காதவர் வட்டாரக் கவுன்சிலரைத் தேடிப் போவார். கவுன்சிலருக்கு அவருடைய ஓட்டு வேண்டும். கட்சிக்கு வேலையும் ஆளும் பெயரும் அந்த இடத்திலிருந்து வந்தன. மேலிடத்திலிருந்து ஒரு காசு வராமலேயே ஒரு கட்சி உயிரோடு இருக்க முடிந்தது.

அந்த அலை தோட்டத்தின் கேட்டோடு நின்றுபோனது. 1952-ஆம் ஆண்டின் உள்ளூர் மன்றச் சட்டத்தின்கீழ் புதுக்கிராமத்து மக்கள் தங்களுக்கென ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. பக்கத்து லயத்தில் இருந்த பால்மரம் வெட்டுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. தோட்டம் தனியார் நிலம், வரி கட்டுவது கம்பெனி, சாலை போடுவது கம்பெனி. அதனால்தான் முப்பது கிலோமீட்டருக்குள் இருந்த ஈப்போவில் ஒரு பாணி அரசியலும், சுங்கை சிப்புட் தோட்டங்களில் வேறு பாணி அரசியலும் ஒரே காலத்தில் நடந்தன. மக்கள் லயத்தில் வாழ்ந்த காலம் வரை கிளைதான் சரியான கருவி.

இப்போது, தொடங்கிய அமைப்பை உயிரோடு வைத்திருக்கும் பராமரிப்புக்கு வருவோம். என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான்.

1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி உள்ளூர் மன்றத் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அந்த மன்றங்களை ஆராய அமைத்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன், ம.இ.கா.காரர். தேர்தல் தொடரட்டும் என்றே அந்தக் குழு 1968-இல் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலை அடியோடு எடுத்துவிட்டது. அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, குறைந்தது 8, அதிகம் போனால் 24 கவுன்சிலர்களை மாநில அரசாங்கம் நியமிக்கும். ஒரு தவணை மூன்றாண்டுக்கு மேல் போகாது.

முற்போக்குக் கட்சிக்கு என்ன ஆனது பாருங்கள். 1969-இல் டி.ஆர். மறைந்த சில வாரங்களில் நடந்த தேர்தலில் பேராக் சட்டமன்றத்தில் 12 இடங்கள் கிடைத்தன. அதுவே உச்சம். நகராட்சித் தேர்தல் இல்லாத நிலையில் 1970-களின் தொடக்கத்தில் ஆளும் கூட்டணியோடு சேர்ந்தது. 1974-இல், அந்தக் கூட்டணி விரிந்து உருவான தேசிய முன்னணிக்குள் நின்றபோது நாடாளுமன்றத்தில் தேறியது ஒரே ஓர் இடம். ஊர்க் கட்சியை ஊரோடு கட்டிய கயிறு அறுந்தது. பிறகு கூட்டணி தந்த தொகுதிதான் மிச்சம்.

எங்கள் ஊரிலேயே இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. மலேசிய சோசலிசக் கட்சி 1998-இல் பதிவுக்கு விண்ணப்பித்து, 2008-இல்தான் பதிவு பெற்றது. அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் டாக்டர் மைக்கல் ஜெயகுமார் தேவராஜ், கெஅடிலான் (மக்கள் நீதிக் கட்சி) சின்னத்தில் சுங்கை சிப்புட்டில் நின்று, 1974 முதல் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலுவை 1,821 ஓட்டில் தோற்கடித்தார். 2013-லும் அதே சின்னத்தில் ஜெயித்தார். 2018-இல் சொந்தச் சின்னத்தில் நின்றபோது வைப்புத்தொகையே போய்விட்டது. பத்தாண்டுச் சேவையை ஓர் அலை மூழ்கடித்தது. நாடாளுமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 10,000 வெள்ளி. பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு தேறாவிட்டால் திரும்பாது. சின்ன அமைப்பு ஒன்றுக்கு அது ஓராண்டு வாடகைக்கு மேல்.

பிறகு எதற்கு ஊர் வழிக்குச் சாய்கிறோம்? மக்கள் இடம் மாறிவிட்டார்கள். தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை விட்டு, மலிவு விலை வீட்டுத் தமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்துவிட்டார்கள். இப்போது அவர்கள் பெயரில் வீட்டு வரி ரசீது வருகிறது. பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒன்று. துரை போய்விட்டார், எதிரில் இருப்பது குவாலா கங்சார் நகராண்மைக் கழகம். அன்றைய ஈப்போக்காரரின் பிரச்சினைதான் இன்று நம்முடையது. கோலாலம்பூருக்குப் போகும் மனு இதற்கு உதவாது.

வேலை எப்படி நடக்கிறது, எங்கே கெடுகிறது என்பதற்கு ஒரு லோங்காங்கை எடுத்துக்கொள்வோம். அடைப்பு என்று புகார் போடுவதற்கு முன், அது யாருடையது என்று பார்க்க வேண்டும். பெரிய சாலையோரமாக இருந்தால் அநேகமாகப் பொதுப்பணி இலாகா, ஜே.கே.ஆர். பெரிய கால்வாயோ ஆற்றோரமோ என்றால் வடிகால் இலாகா, ஜே.பி.எஸ். தமானை மேம்பாட்டு நிறுவனம் இன்னும் ஒப்படைக்கவில்லை என்றால் நகராண்மைக் கழகம் தொடவே தொடாது. பாதிப் புகார் செத்துப்போவது இந்த இடத்தில்தான்: தப்பான இலாகாவுக்குப் போய், பதில் வராமல், மக்கள் சலித்துப்போவார்கள். சரியான இலாகா தெரிந்த பிறகு, தேதியோடு படம், தெருப்பெயர், புகார் எண். எண் இல்லாத புகாரைப் புகாராகவே எண்ணக் கூடாது. இரண்டு வாரத்தில் அசையாவிட்டால் அந்த எண்ணோடு கவுன்சிலரிடம் போக வேண்டும். மன்றத்தின் முழுக் கூட்டத்தில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். சட்டம் இடம் தருகிறது; யாரும் போவதில்லை.

வீட்டு வரி இன்னும் நல்ல பிடி. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வரும்போது, மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்தில் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். அந்த அறிவிப்பைப் படித்துச் சொல்ல ஒருவர் தமானில் இருந்தாலே போதும், நூறு குடும்பம் அவரைத் தேடி வரும். கட்சிக் கிளைகளும் இதைச் செய்யலாம். ஆனால் பேராளர் மாநாடும் தொகுதித் தேர்தலும் வரும் ஆண்டில் அவர்கள் கவனம் அங்கே போய்விடுகிறது.

கட்சியாகப் பதிய அவசரப்பட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஏழு பேர் இருந்தால் குடியிருப்பாளர் சங்கமாகப் பதியலாம். சங்கம் சாவதற்கு வழக்கமான காரணம் எதிரி இல்லை, காகிதம். ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கும் செயலவைப் பட்டியலும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். செயலாளர் மாற்றலாகிப் போகிற ஆண்டில் அது விட்டுப்போகும், பிறகு பதிவு ரத்துக் கடிதம் வரும். பதிவிலாகாவின் இணையக் கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும்.

இந்த வழி எட்டாத இடமும் உண்டு. நியமனக் கவுன்சிலருக்கு நம் ஓட்டு தேவையில்லை. அவரை அசைக்க, அவரை நியமித்த கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு ஓரளவு கிளைக்காரர்களின் தயவு வேண்டும். மலாய்க்காரர், ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்களை இதே முறையில் சேர்க்க முடியுமா என்பதில் எங்களுக்கு அனுபவம் போதாது. முற்போக்குக் கட்சியும் கிந்தாவின் சீனத் தொகுதிகளைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. இன்னும் லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு நகராண்மைக் கழகத்தால் பயன் குறைவு. அவர்களின் வீட்டுப் பிரச்சினை 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தின்கீழ் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும். அங்கே தோட்டத் தொழிற்சங்கமோ பெரிய கட்சியின் கிளையோதான் இன்றைக்கும் வேகமாகக் கதவைத் திறக்கிறது.