ஃபுல் காப்பர் என்று சொல்லி அலுமினியத்தை மாட்டிவிட்டார்கள்

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது வீடியோ எடிட்டிங் மெஷின். ப்ராசசர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக் செம்பு. அந்தத் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரும் "ஃபுல் காப்பர் சார்" என்றார் கடைக்காரர். மேலே கறுப்பு பெயின்ட், நம்பிவிட்டேன். ஏழாவது மாதம் சூடு 90 டிகிரியைத் தாண்டி, ரெண்டர் போட்டாலே மெஷின் அணைந்தது.

தூக்கிக்கொண்டு போனேன். பிளாக்கின் அடிப்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார், கருத்துப் போயிருந்தது. "பாத்தீங்களா, செம்பு கெட்டுப்போச்சு. என்ன தண்ணி ஊத்துனீங்க?" நான் எங்கே ஊற்றினேன்? பேட்டரி தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றி மூடியதே அவர் கடைப் பையன்தான். புது பிளாக்குக்கு ஆறாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

பழையதை விடாமல் கேட்டு வாங்கிவந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "குத்துவிளக்குக்குப் போடற மாதிரி புளி போட்டுத் தேயேன்டா" என்றார். இரண்டே நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிட்டது. செம்பு கருப்பது மேல்தோல் சமாசாரம். அந்த மெல்லிய படலம் சூடு கடத்துவதைக் குறிப்பிடும்படி தடுக்காது. ஆனால் பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் மயிரிழை போன்ற பள்ளங்களுக்குள் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. அது புளிக்கு மசியவில்லை. செம்பில் களிம்பு பிடித்தால் பச்சையாக அல்லவா இருக்கும்?

ரேடியேட்டரின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டினேன். பெயின்டுக்கு அடியில் வெள்ளை வெளேர். அலுமினியம்!

ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அது பேட்டரிதான். இரண்டின் மின்னழுத்தத்துக்கும் ஏட்டுக் கணக்கில் 2 வோல்ட் வித்தியாசம். அரிபடுவது அலுமினியம், அந்த அழுக்கு வந்து அடைவது செம்புப் பள்ளத்தில். கம்பெனியிலேயே சீல் வைத்து வரும் கூலர்கள் பலவற்றிலும் இதே ஜோடிதான், ஆனால் அவற்றில் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவம் இருக்கும். எனக்கு ஊற்றியது வெறும் பேட்டரி தண்ணீர்.

வாங்கும்போது கடையில் கத்தி வைக்க விடமாட்டார்கள். குழாய் முறுக்கும் மரைக்குள் டார்ச் அடித்து உலோகத்தின் நிறத்தைப் பாருங்கள், கையில் தூக்கிப் பாருங்கள். செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பில்லுல காப்பர்னு போட்டிருக்கா சார்?" என்றார். எடுத்துப் பார்த்தேன். 'ரேடியேட்டர் 240 - 1' என்று மட்டும் இருந்தது.