காப்பரிசி காவிரிக்கு, கை எக்ஸ்ரேக்கு

ஆடிப்பதினெட்டு அன்று காலை, சுவாமிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் படித்துறையில் வழுக்கி விழுந்தேன். கையில் காப்பரிசிக் கிண்ணம். அதைக் காப்பாற்றப் போய் வலது கையை ஊன்றிவிட்டேன். காப்பரிசி மொத்தமும் காவிரிக்குப் போனது. எப்படியும் அவளுக்குப் படைக்கத்தானே கொண்டுபோனோம். டொராண்டோவிலிருந்து ஐந்து வார விடுமுறைக்கு வந்து அன்றைக்கு நான்காவது நாள்.

பக்கத்துப் படியில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் முதலில் சொன்னார்: "வீங்கறதுக்குள்ள வளையலக் கழட்டு பாப்பா." அன்று எனக்குக் கிடைத்த முதல் நல்ல வைத்தியம் அதுதான். ஒரு வளையல் சும்மா வந்துவிட்டது. இன்னொன்றுக்கு ஷாம்பு பாக்கெட் இரண்டு செலவானது. அரை மணி கழித்திருந்தால் வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு மருத்துவமனை என்றாலே பிடிக்காது. "சுளுக்குக்குப் போயி யாராவது படம் எடுப்பாங்களாடி? வழிச்சா ரெண்டு நாள்ல சரியாப்போயிடும்" என்று அடுத்த ஊர் வைத்தியரிடம் கூட்டிப்போனார். திண்ணையில் முறிவெண்ணெய் வாசனை. பெரியவர் என் கையை மடியில் வைத்துக்கொண்டு விரல்களை மடக்கச் சொன்னார், பெருவிரலைத் தூக்கச் சொன்னார். அதன் அடியில் விழுந்த பள்ளத்தில் மெல்ல ஒரு அழுத்து. கத்திவிட்டேன். கையை எடுத்துவிட்டார்.

"இது வழிக்கிற கை இல்லம்மா. மொதல்ல படம் எடுத்துட்டு வாங்க. எலும்புல கீறல் இருந்து நான் வழிச்சேன்னா அப்புறம் பாவம் என் தலையில." காசும் வாங்கவில்லை. பெரியம்மா வழியெல்லாம் பேசவே இல்லை.

கும்பகோணத்தில் ஒரு தனியார் கிளினிக். வேகத்தில் குறை சொல்ல முடியாது: உள்ளே போனதிலிருந்து எக்ஸ்ரே கைக்கு வர நாற்பது நிமிடம். டொராண்டோவில் என் மகன் கை வீங்கியபோது அவசர சிகிச்சைப் பிரிவில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே காசு கேட்கவில்லை என்பது வேறு விஷயம். இங்கே டாக்டருக்கு 400, இரண்டு படத்துக்கு 500. டாக்டர் படத்தை ஜன்னல் பக்கம் ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். "முறிவு இல்ல, சுளுக்குதான்." ஒரு ஊசி, ஐந்து நாள் மாத்திரை, கிரேப் பேண்டேஜ், அவ்வளவுதான். எத்தனை நாள் ஆகும், திரும்ப எப்போது காட்ட வேண்டும், எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்டிருக்க வேண்டும். அன்று ராத்திரி விரல் நுனியெல்லாம் நீலம் பாய்ந்து மரத்துப்போயிற்று. இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நாங்களே அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினோம்.

பில் என்று தந்தது ஒரு துண்டுச் சீட்டு. பயணக் காப்பீட்டுக்கு அது செல்லாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், தேதி, என்ன காயம், டாக்டரின் பதிவு எண், முத்திரை எல்லாம் வேண்டும். அதற்காக மட்டும் இரண்டு தடவை அலைந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அங்கேயே நின்று வாங்கிவிடுங்கள்.

முதல் மூன்று நாள் ஐஸ். வீட்டில் ஐஸ் பை ஏது? உறைய வைத்த பால் பாக்கெட்டைத் துண்டில் சுற்றி, ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் வைத்துக்கொண்டேன். ராத்திரி கையைத் தலையணை மேல் தூக்கிவைத்துத் தூக்கம். பெரியம்மா நொச்சி இலையோடு காத்திருந்தார். வீக்கம் இருக்கும்போது சூடு கூடாது, தேய்க்கவும் கூடாது என்று கெஞ்சி நிறுத்தினேன். இரண்டாவது வாரம் வீக்கம் வடிந்த பிறகு நொச்சி ஒத்தடம் கொடுத்தார். சுகமாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் வீட்டுக்கே வந்து பார்க்கும் பிசியோதெரபி பெண் ஒருவரைத் தம்பி பிடித்துவந்தான். ஒரு தடவைக்கு 350. அவரும் அதே பள்ளத்தில்தான் அழுத்தினார். வலி அப்படியே இருந்தது. "அக்கா, பயிற்சி அப்புறம். இன்னொரு படம் எடுத்துட்டு வாங்க" என்றார். அந்த இடத்தில் முந்திரிப்பருப்பு போல ஒரு சின்ன எலும்பு, ஸ்கேபாய்டு என்று பெயர். அதில் விழும் கீறல் முதல் நாள் படத்தில் தெரியாமலே போகலாம்; பத்து, பதினான்கு நாள் கழித்து எடுத்தால் தெரிய வாய்ப்பு அதிகம். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து திரும்பி வருகிறதாம். முறிந்ததைக் கவனிக்காமல் விட்டால் ரத்தம் போகாத பாதி செத்துப்போகலாம். திண்ணைப் பெரியவரும் இவரும் கைவைத்த இடம் ஒன்றேதான் என்பதை நினைத்து அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்தத் தடவை அரசு மருத்துவமனை. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் மதியத்துக்குள் வேலை முடிந்தது. கூட்டம்தான், ஆனால் அந்த இளம் டாக்டர் புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி விளக்கினார். கீறல் இல்லை, தசைநார் மட்டும்தான். பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை இன்னும் இரண்டு வாரம். அதன்பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கையை மேலும் கீழும் ஆட்டுவது, ரப்பர் பந்தை அமுக்குவது, கடைசியில் ஈரத் துண்டு பிழிவது.

இதையெல்லாம்விடக் கஷ்டம் சாப்பாடு. ஆவணியில் ஒரு கல்யாணம். பந்தியில் இடது கையில் ஸ்பூனோடு உட்கார்ந்தேன். ஸ்பூன் போவதற்குள் ரசம் இலை நுனிக்கு ஓடிவிடுகிறது. பரிமாறின பையன் இரண்டு முறை பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு டம்ளரில் ரசம் ஊற்றிவைத்தான். மொய்க் கவரை இடது கையால் நீட்ட மனசு வராமல் தம்பியிடம் கொடுத்தேன். அவன் தன் பெயரை எழுதிவிட்டான்.