ஓர் அங்குலம் எங்கே கிடைக்கும்? உயரமான மோட்டார் சைக்கிளும் குட்டையான ஓட்டுநரும்

என் உயரம் 160 சென்டிமீட்டர். என் ஹோண்டா சிபி500எக்ஸ் வண்டியின் இருக்கை தரையிலிருந்து 830 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்த அன்று இரண்டு கால்களிலும் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டது. "போதும் அண்ணே, பழகிவிடும்" என்றார் விற்றவர். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நான் கொடுத்த மலேசிய வெள்ளியையும் (ரிங்கிட்) பட்ட அவமானத்தையும்தான் இங்கே கணக்குப் பார்க்கப் போகிறேன்.

என் அக்காள் மகள் ஓட்டுவது கவாசாக்கி வெர்சிஸ்-எக்ஸ் 250. அவள் உயரம் 152. வண்டியின் இருக்கை 815. நான் லிங்க்கில், அதாவது பின்சக்கரப் பக்கத்தை ஷாக் அப்சார்பரோடு இணைக்கும் பட்டைகளில் தொடங்கி இருக்கையில் வந்து முடித்தேன். அவள் இருக்கையில் தொடங்கி லிங்க்கில் போய் முடித்தாள். எங்கள் இருவர் வண்டிகளையும் அருகருகே நிறுத்தி வைத்துப் பேசினால் ஏறக்குறைய எல்லா வழிகளையும் பேசியதாகிவிடும்.

முதலில் ஒரு பழக்கதோஷத்தைச் சொல்லிவிட வேண்டும். பினாங்கில் நாம் எல்லாரும் கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிளில் வளர்ந்தவர்கள். பதினேழு வயதில் ஏறிய வண்டியில் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன. அதுவே சரி என்று உடம்பு நம்பிவிட்டது. பெரிய வண்டிக்கு அது தேவையில்லை. சிக்னலில் இடது கால் ஊன்றி, வலது கால் பின்பிரேக்கில் இருந்தால் போதும்; பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் ஏறும் மலைச்சாலையில் நிற்க நேர்ந்தால் இதைத் தவிர வேறு முறையே கிடையாது. இருக்கையில் இடுப்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினால் இடது பாதம் முழுவதும் இறங்கிவிடும். காசு செலவில்லாத இந்த வழியை என்னிடம் யாரும் முதலில் சொல்லவில்லை.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. பட்டர்வொர்த்தில் பெர்ரிக்குக் காத்திருக்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் வந்த புதிய பெர்ரிகளில் பயணிகளும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே போகலாம். வரிசை அரை அரை மீட்டராக நகரும். வண்டியைக் காலால் தள்ளித்தான் போக வேண்டும், பின்னால் தள்ளவும் வேண்டும். 200 கிலோவுக்கு அருகில் எடையுள்ள வண்டியைப் பெருவிரலால் பின்னோக்கித் தள்ளுவது நடக்காத காரியம். நமக்கு வேண்டியது ஓட்டும்போது கிடைக்கும் உயரம் அன்று, நகர்த்தும்போது கிடைக்கும் பிடி. எந்த வழியை எடைபோட்டாலும் இந்தக் கேள்வியைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பொறுமை இல்லாத நான் லிங்க்கைத் தேர்ந்தெடுத்தேன். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே நாய் கடிக்கும் எலும்பு போல இரண்டு பட்டைகள் இருக்கும். அவற்றைக் கழற்றி வேறு நீளத்தில் போட்டால் வண்டியின் பின்பக்கம் இறங்கும். என் வண்டிக்கு நீளமான பட்டை. எல்லா வண்டிக்கும் அப்படியில்லை, சிலவற்றுக்குக் குட்டையான பட்டைதான் இறக்கும். விலை 280 வெள்ளி. ஒரு மணி நேர வேலை. 30 மில்லிமீட்டர் இறங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

பெட்டி பொய் சொல்லவில்லை, முழுதாகச் சொல்லவில்லை. 30 மில்லிமீட்டர் இறங்குவது பின்அச்சுக்கு நேராக. நாம் உட்காரும் இடம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், பின்பக்கமாகச் சற்றுத் தள்ளி இருக்கிறது. முன்பக்கம் அசையாமல் பின்பக்கம் மட்டும் இறங்கினால் இருக்கையில் கிடைப்பது ஏறக்குறைய 20 மில்லிமீட்டர்தான். மீதியை வால்பக்கம் எடுத்துக்கொள்கிறது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் பின்பக்கம் 30 மில்லிமீட்டர் இறங்கினால் வண்டி முழுவதும் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாக மேல்நோக்கிச் சாய்கிறது. ஒரு டிகிரிதானே என்று நினைத்தேன். முன்விளக்கின் ஒளி பத்து மீட்டர் தூரத்தில் 20 சென்டிமீட்டர் மேலே ஏறிவிட்டது. எதிரே வந்தவர்களெல்லாம் எனக்கு விளக்கடித்தார்கள். நட்பாக அடிக்கிறார்கள் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்வும் கூடியதால் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் வளைவுகளில் வண்டி மந்தமாகப் படுத்தது. மனைவியைப் பின்னால் ஏற்றி வேகத்தடையில் இறங்கினால் அடியில் 'தொம்' என்று ஓர் ஓசை. பட்டை மாறும்போது ஷாக்கின் மீது விழும் நெம்புகோல் விகிதமும் மாறும். என் வண்டியில் பின்பக்கம் முன்னைவிட மென்மையாகிப்போனது. சங்கிலியின் தொய்வும் மாறியிருந்தது. அதைப் பட்டறையில் பார்க்கவில்லை, நான்தான் பிறகு சரிசெய்தேன்.

அவமானம் நடந்தது ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா பக்கம் ஓர் ஒருவழித் தெருவில். சாலையின் வலது ஓரமாக நிறுத்தினேன். நம் தெருக்கள் நடுவில் மேடாகவும் சாக்கடைப் பக்கம் சரிவாகவும் இருக்கும். பக்க ஸ்டாண்டு இருப்பது இடது பக்கம். வண்டி இறங்கியதால் ஸ்டாண்டு நீளமாகிவிட்டிருந்தது. சமதளத்திலேயே வண்டி விறைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. வலதுபக்கச் சரிவில் அதற்குச் சாய்வதற்கு இடமே இல்லை. பூக்கடையில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், லாரி ஒன்று உரசினாற்போல் போனது, அந்தக் காற்றுக்கே வண்டி வலப்பக்கம் சாய்ந்து சாக்கடை விளிம்பில் படுத்துவிட்டது. பூக்காரம்மா, "தம்பி, உங்கள் வண்டி தூங்கிவிட்டது" என்றார். கைப்பிடிப் பாதுகாப்பும் பிரேக் நெம்பும் போயின.

ஸ்டாண்டை வெட்டிக் குட்டையாக்க வேண்டும் என்று லிங்க் போட்ட பட்டறையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டபோது "எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்ற பதில் கிடைத்தது. வேறொரு வெல்டிங் கடையில் 20 மில்லிமீட்டர் வெட்டி ஒட்டினேன். இந்த 20 மில்லிமீட்டருக்குத் திரும்ப வருவேன்.

பின்பக்கம் இறக்கியவர் முன்பக்கத்தையும் ஏறக்குறைய அதே அளவுக்கு இறக்க வேண்டும். முன் ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கவ்விகளைத் தளர்த்தி, குழாய்களை மேல்நோக்கி நகர்த்துவார்கள். இதையே தனி வழியாகவும் சிலர் செய்கிறார்கள். பாகம் வாங்க வேண்டாம், செலவும் இல்லை. பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை செய்பவர் முன்பக்கத்தை மட்டும் 25 மில்லிமீட்டர் நகர்த்தினார். இருக்கையில் அவருக்குக் கிடைத்தது 8 மில்லிமீட்டர் இருக்கலாம், அதற்கு மேல் இல்லை. ஆனால் ஃபோர்க் செங்குத்தாகி, கைப்பிடி துடிதுடிக்க ஆரம்பித்துவிட்டது. 1985இல் திறந்த பழைய பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். நடுவில் கடற்காற்று பக்கவாட்டில் அறையும். அங்கே அந்த வண்டியில் ஒருமுறை போய்விட்டு வந்து, "சாமி, திரும்ப ஏற்றிவிடு" என்று அவரே மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார். தனி வழியாக இதற்கு என் மதிப்பெண் பூஜ்யம். துணைவழியாகக் கட்டாயம். செய்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது முன்சக்கரமோ மட்கார்டோ ரேடியேட்டரை இடிக்கக் கூடாது.

இனி அக்காள் மகளின் பக்கம். அவள் குஷன் கடைக்குப் போனாள். பழைய இருக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, பயன்படுத்திய இன்னோர் இருக்கையை வாங்கி அதைக் கொடுத்தாள். இதுதான் புத்திசாலித்தனம், எது கெட்டாலும் பழையது அலமாரியில் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் நுரையைச் செதுக்கினார்கள். அதைவிட முக்கியமானது, முன்பகுதியின் இரண்டு ஓரங்களையும் ஒடுக்கினார்கள். குட்டையானவர்கள் பலரும் கவனிக்காத இடம் இது. இருக்கை அகலமாக இருந்தால் தொடை விரிகிறது, விரிந்த கால் நேராக இறங்காது. ஓரத்தைச் செதுக்கினால் உயரத்தைத் தொடாமலே ஒரு சென்டிமீட்டர்வரை கால் கீழே போகிறது. மொத்தம் 150 வெள்ளி.

முதல் தடவை கடைக்காரர் நடுவில் குழித்துவிட்டார். உட்கார்ந்தால் கிண்ணத்தில் விழுந்த இட்லிபோல் அசைய முடியாது. பிரேக் பிடித்தால் உடம்பு டாங்கியை நோக்கி வழுக்கும். நுரை மெலிந்ததால் ஈப்போ போய்ச்சேரும் முன்பே அடித்தட்டு குத்த ஆரம்பித்தது. இரண்டாம் தடவை மேல்பகுதிக்கு அடர்த்தியான நுரை போட்டு, குழியைச் சமமாக்கினார்கள். "மாமா, இருக்கையைச் செதுக்குகிறவர் வண்டியில் நம்மை உட்காரவைத்துச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட வேண்டும். வண்டி வராமல் இருக்கையை மட்டும் கொடுத்தால் இப்படித்தான்" என்றாள். அடுத்த மாதம் நானும் அதே கடையில் வண்டியோடு போய் உட்கார்ந்தேன்.

சப்பாத்தை அவள் சேர்த்துக்கொண்டாள். சாதாரணக் காலணியைவிட இரண்டு சென்டிமீட்டர் தடிமனான அடி. தடித்த அடி கியர் நெம்புக்குக் கீழே நுழையாது; நெம்பை ஒரு பல் மேலே ஏற்றிப் போட்டால் சரியாகிவிடும். மற்றபடி வண்டியில் கைவைக்க வேண்டாத வழி இது. ஆனால் நாசி கண்டார் சாப்பிடச் செருப்போடு கிளம்பும் பழக்கத்துக்கு விடை கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஸ்பிரிங்கின் முன்னழுத்தம், அதாவது ஆள் ஏறும் முன்பே ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் மட்டும் ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். குட்டையானவர்கள் பெரும்பாலும் எடையும் குறைந்தவர்கள். என் எடை 58 கிலோ. தொழிற்சாலையில் வைத்த ஸ்பிரிங் என்னைவிடக் கனமான ஆளுக்காக. நான் ஏறி உட்கார்ந்தால் அது அமுங்கவேண்டிய அளவுக்கு அமுங்குவதே இல்லை. ஆகவே எல்லாரையும்விட உயரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பின்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, அச்சிலிருந்து வால்பகுதியில் ஒரு திருகுவரை அளக்க வேண்டும். பிறகு உட்கார்ந்த நிலையில் அளக்க வேண்டும். வித்தியாசம் சஸ்பென்ஷனின் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. எனக்கு அதற்கு வெகுவாகக் குறைந்திருந்தது. ஷாக்கின் மேலுள்ள வளையத்தைப் படிப்படியாகத் தளர்த்தினேன். பின்சக்கரத்தில் 10 மில்லிமீட்டர் இறங்கியது, வண்டியும் முன்னைவிட நன்றாக ஓடியது. செலவு ஒன்றுமில்லை. பின்னால் ஆளை ஏற்றும் நாளில் திரும்ப இறுக்க வேண்டும், அவ்வளவுதான். கனமானவர்கள் இதைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு ஏற்கெனவே அமுங்கித்தான் இருக்கும்.

குட்டையான ஷாக் அப்சார்பரை வாங்கி, முன் ஃபோர்க்குக்குள்ளும் வேலை செய்து இரண்டு பக்கமும் சமமாக இறக்குவது எல்லாவற்றிலும் முறையானது. விலையைக் கேட்டபோது கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சின்ன டயர் போடும் யோசனையையும் தள்ளிவிடலாம்.

வண்டியையே மாற்றிவிடலாமே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். என் வண்டியில் உள்ள அதே 471 சிசி இன்ஜின் குடும்பம்தான் ஹோண்டா ரெபல் 500இலும் இருக்கிறது. அதன் இருக்கை 690 மில்லிமீட்டர். கவாசாக்கி வல்கன் எஸ் 705. பதினான்கு சென்டிமீட்டர் வித்தியாசத்தை எந்தக் குஷன் கடையும் தராது. காலின் உள்ளளவைச் சுவரோரம் நின்று, தொடையிடுக்கில் தடித்த புத்தகம் ஒன்றை வைத்து அளந்து பாருங்கள். இருக்கை உயரம் அதைவிடப் பதினைந்து சென்டிமீட்டர் அதிகமாக இருந்தால் வேறு வண்டி பார்ப்பதே மேல். என் உள்ளளவு 72, வித்தியாசம் 11. அவளுடையது 68, வித்தியாசம் 13.5. இந்த இரண்டரை சென்டிமீட்டர்தான் எங்கள் வழிகளைப் பிரித்தது.

இருக்கையும் ஸ்பிரிங்கும் சேர்ந்து எனக்குப் போதுமானவையாகிவிட்டன. லிங்க்கைக் கழற்றிப் பழையதைப் போட்டேன். இப்போது இரண்டு கால்களிலும் முன்பாதம் பதிகிறது, இடது கால் முழுவதும் ஊன்றுகிறது. அவளுக்கு இருக்கையும் சப்பாத்தும் போதவில்லை. பெர்ரி வரிசையில் இரண்டு தடவை வண்டியைப் பிறர் பிடித்துக்கொள்ள நேர்ந்த பிறகு, 20 மில்லிமீட்டர் லிங்க் போட்டுக்கொண்டாள். அதே நாளில் முன் ஃபோர்க்கை 15 நகர்த்தி, விளக்கைத் திருத்தி, சங்கிலியைப் பார்த்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்டுவிட்டாள். ஸ்டாண்டை மட்டும் ஒரு வாரம் தொடவில்லை. எல்லாம் படிந்த பிறகு அளந்து, ஒரே வெட்டு.

அந்தப் பொறுமை எனக்கு இல்லாமல் போனதன் விளைவு என் வண்டியில் இன்றும் இருக்கிறது. லிங்க்கைக் கழற்றியதும் வண்டி பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. வெட்டிய ஸ்டாண்டு ஏறவில்லை. வண்டி இடப்பக்கமாகக் குடிகாரன்போல் சாய்ந்து நின்றது. முன்பு வெட்டிய அதே வெல்டிங் கடைக்குப் போய் 20 மில்லிமீட்டர் துண்டு ஒன்றை ஒட்டச் சொன்னேன். வெட்டியதற்கு 40 வெள்ளி வாங்கியவர் ஒட்டுவதற்கு 60 கேட்டார்.

"ஏன் அண்ணே அதிகம்?" என்றேன்.

"வெட்டுவது சுலபம் தம்பி" என்றார்.