காய்ச்சல் போன பிறகு வந்த காய்ச்சல்

கரோனா வந்து போன சில வாரங்களில் குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும் ஒரு நோயைப் பற்றி, குழந்தைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு மகளுக்கு கரோனா வந்து, வெறும் சளியோடு போய்விட்டது. ஊரில் திடீரென்று கடும் காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி. முதலில் போன கிளினிக்கில் வயிற்றில் கிருமி என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பீளை இல்லாமலே கண்கள் சிவந்தன, உதடு வெடித்தது, உடம்பெல்லாம் தடிப்பு.

அடுத்துப் போன மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் நாக்கைப் பார்த்தார், கைகால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். அப்புறம், "ஒன்றரை மாசத்துக்குள்ள பாப்பாவுக்கோ வீட்டுல யாருக்காவதோ கரோனா வந்துச்சாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து, குழந்தையின் எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறி இதயம், குடல், இரத்தக் குழாய் என்று பல இடங்களில் அழற்சி உண்டாக்குகிறது. இதைத்தான் மிஸ்-சி (MIS-C) என்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிரிட்டன் மருத்துவர்கள் இதைப் பற்றி எச்சரித்தார்கள். பார்வைக்குக் கவாசாகி நோய் (சிறு குழந்தைகளின் இரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோய்) மாதிரியே இருக்கும். ஆனால் இதில் வயிற்றுத் தொல்லை அதிகம், இரத்த அழுத்தமும் சட்டென்று சரியலாம். அபூர்வமான நோய்தான், ஆனாலும் காத்திருக்கக் கூடாத நோய்.

அன்றைக்கே அழற்சியையும் இதயப் பாதிப்பையும் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான சிஆர்பி, ஃபெரிட்டின், ட்ரோபோனின் பார்த்தார்கள். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ மெஷினைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்டீராய்டோடு, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் இம்யூனோகுளோபுலின் (தானமாகக் கிடைத்த இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். அதை மிக மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். இரவுப் பணி சிஸ்டர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவார், பிரஷர் பார்ப்பார், நடுக்கம் இருக்கிறதா என்று பாப்பாவின் கையைப் பிடித்துப் பார்ப்பார், எழுதுவார், மறுபடி வருவார். இப்படிப்பட்ட கவனிப்பை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

குறை என்றால் டிஸ்சார்ஜ் சம்மரிதான். எக்கோ 'நார்மல்' என்று ஒரே வார்த்தை. இதயத் தமனிகளின் அளவையும் மருந்து கொடுத்த தேதியையும் கேட்டு எழுதி வாங்கினோம். திரும்பி வந்ததும் இங்குள்ள இதய மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான். அடுத்த எக்கோவை ஒப்பிட வேண்டுமே. தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளையும் அந்தத் தேதியிலிருந்து 11 மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், ஏற்றிய இம்யூனோகுளோபுலின் அந்தத் தடுப்பூசிகளின் பலனைக் குறைத்துவிடும் என்பதால். குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஓடுகிறது. ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மையோ ஃப்ளூவோ தொற்றினால் ஆபத்து என்பதால், அது நிற்கும்வரை பள்ளியில் யாருக்காவது அவை வந்தால் உடனே எங்களுக்குச் சொல்லும்படி டீச்சரிடம் கேட்டிருக்கிறோம்.