பன்றிக்குட்டியும் பிபிஏவும்: காப்ஸ்யூலா, தீவனமா?

பிளாஸ்டிக்கில் இருக்கும் பிபிஏ (பிஸ்பீனால் ஏ) என்ற வேதிப்பொருள் உள்ளே போனால் பால்மறந்த பன்றிக்குட்டியின் குடல் பாக்டீரியா எப்படி மாறும் என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காப்ஸ்யூலில் அடைத்து விழுங்க வைப்பது. மற்றது, தீவனத்தில் கலப்பது. (செய்திகளில் பிபிஏவை 'நெகிழ்வூட்டி', அதாவது பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் பொருள், என்பார்கள். சரியாகச் சொன்னால் அது நெகிழ்வூட்டியே அல்ல, பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். பிவிசி பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் டிஇஎச்பி என்ற வேதிப்பொருள்தான் அசல் நெகிழ்வூட்டி.)

போலந்தின் ஓல்ஸ்டின் நகர ஆய்வாளர்கள் காப்ஸ்யூல் பக்கம். பருவமடையாத பெண் குட்டிகளுக்கு ஜெலட்டின் காப்ஸ்யூலில், எடையில் கிலோவுக்கு 0.05 அல்லது 0.5 மி.கி. வீதம், தினமும் 28 நாள் கொடுத்தார்கள். 15 கிலோ குட்டிக்கு இது 0.75 அல்லது 7.5 மி.கி. குட்டி நாளுக்கு அரை கிலோ ஏறினால் 28 நாளில் 29 கிலோ ஆகிவிடும். வாரம் ஒருமுறை எடை பார்த்து அளவை ஏற்றாவிட்டால், கடைசி நாளில் கிடைப்பது பாதி டோஸ்தான். இன்னொரு தொல்லை, குட்டி காப்ஸ்யூலைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்பிவிடும். தொண்டை அசையும்வரை வாயை மூடிப் பிடிக்க வேண்டும். பிடிக்கும் பதற்றமே குடலைப் பாதிக்கும் என்பதால், பிபிஏ கொடுக்காத ஒப்பீட்டுக் குட்டிகளுக்கும் வெற்றுக் காப்ஸ்யூல் கட்டாயம்.

எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.05 மி.கி. என்பது மனிதர்களுக்கான ஐரோப்பாவின் பழைய பாதுகாப்பு வரம்பு. 2015இல் அது 4 மைக்ரோகிராமாகவும், 2023இல் 0.2 நானோகிராமாகவும் இறங்கியது. ஆகவே அந்தச் 'சிறு' டோஸ் இன்றைய வரம்பைப்போல் 2,50,000 மடங்கு.

நிஜ வாழ்க்கைக்கு நெருக்கமானது தீவனம்தான். நாள் முழுக்கச் சிறுகச் சிறுக உள்ளே போகும். காப்ஸ்யூலோ ஒரே தடவையில் கொட்டிவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். குட்டி தன் எடையில் 5% தின்றால், 0.05 மி.கி. டோஸுக்கு ஒரு டன் தீவனத்தில் 1 கிராம் பிபிஏ. அதை நேரே கொட்டினால் ஒரு மூலையில் திரண்டு நிற்கும். முதலில் 1 கிலோ மாவில், பிறகு 20 கிலோவில் எனப் படிப்படியாகக் கலக்க வேண்டும். அப்படியும் வலுத்த குட்டி தொட்டியை மறித்துக்கொண்டு இரண்டு பங்கு தின்னும், நோஞ்சான் பாதிதான் தின்னும். யாருக்கு எவ்வளவு போனது என்று தெரியாது. தொட்டியும் தண்ணீர்க்குழாயும் பிளாஸ்டிக்காக இருந்தால் ஒப்பீட்டுக் கூட்டமும் கெட்டது.

எங்கள் ஓட்டு காப்ஸ்யூலுக்கே. பிபிஏவுக்குப் பதில் டிஇஎச்பியைச் சோதித்தால், அது எண்ணெய்த் திரவம் என்பதால் மக்காச்சோள எண்ணெயில் கரைத்துக் கொடுப்பார்கள். அப்போது ஒப்பீட்டுக் குட்டிகளுக்கும் அதே அளவு எண்ணெய் வேண்டும். கொழுப்பு மட்டுமே பாக்டீரியாவை மாற்றப் போதும்.

எந்த வழியானாலும் பால்மறந்த உடனே தொடங்கக் கூடாது. அந்த முதல் இரண்டு வாரம் லாக்டோபேசில்லஸ் குறைவதும் ஈ.கோலை கூடுவதும் தானாகவே நடக்கும். பழி பிபிஏ மேல் விழும். ஒரே கொட்டிலில் உள்ள குட்டிகள் ஒன்றின் மலத்தை ஒன்று தின்று பாக்டீரியாவைப் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொரு டோஸுக்கும் பல கொட்டில்கள் தேவை.

மலத்தை 0, 14, 28ஆம் நாள்களில் மலக்குடலிலிருந்தே எடுங்கள், தரையிலிருந்து அல்ல. அது பெருங்குடலைத்தான் காட்டும். சிறுகுடலைப் பார்க்க அறுத்தே ஆகவேண்டும். எந்தெந்த பாக்டீரியா என்று மரபணுவை வைத்துக் காட்டும் 16எஸ் வரிசை தருவது விகிதம் மட்டுமே, மொத்த எண்ணிக்கைக்கு டிஎன்ஏ அளவை அளக்கும் கியூபிசிஆர் சோதனையைச் சேருங்கள். கையுறை நைட்ரைல். வினைல் என்றால் அதிலேயே நெகிழ்வூட்டி இருக்கும்.