எதை மாட்டினாலும் 1.00 காட்டும் மீட்டர்: 9,500 ரூபாய் போச்சு, உஷார்

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வயர்லெஸ் செட் மாட்டுவதும் ஆன்டெனா பார்ப்பதும் என் தொழில். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். செட் அனுப்பும் பவரில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்று காட்டுவது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர்; எதுவும் திரும்பாவிட்டால் 1.00, எண் ஏற ஏற மோசம். கையடக்க எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் என் 9,500 ரூபாய் போன கதை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இன்ஜின், பெயின்ட், வயர்லெஸ் எல்லா வேலையும் அந்த 61 நாளில்தான். என் பழைய மீட்டர் படுத்துவிட்டதால், வாக்கி டாக்கி விற்று சர்வீஸும் செய்கிற ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். "டெமோ பீஸ் சார், ஷோகேஸை விட்டு வெளிய வந்ததே இல்ல" என்று எடுத்து நீட்டினார். திரை மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. அவரே ஒரு பக்கம் செட்டையும் மறுபக்கம் ஆன்டெனாவையும் திருகி, பட்டனை அமுக்கினார். 5 வாட், 1.00. "பாத்தீங்களா, கச்சிதம்!" டீ வேறு வரவழைத்தார். அந்தத் தாளும் அந்த டீயும்தான் ஆளைக் கவிழ்த்தது.

போனிலேயே 9,500 அனுப்பினேன். பணம் போனது கடையின் பெயருக்கு இல்லை, யாரோ ஒருவர் பெயருக்கு. பில் கேட்டால் 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டு. "ஜிஎஸ்டி பில்னா விலை ஏறும் சார். நாங்க எங்க ஓடிடப் போறோம்?"

அப்புறம் எந்தப் படகில் மாட்டினாலும் 1.00. உப்புக்காற்றில் நிற்கிற ஆன்டெனா 1.2, 1.4 காட்டும், 1.5-க்குள் இருந்தாலே எங்களுக்குத் திருப்தி. எல்லாமே 1.00 என்றால் எப்படி?

ஒரு போட்டில் 25 வாட் செட். சேனல் 16-இல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில், கூப்பிட்டால் பக்கத்துப் போட்டுக்கே ஒழுங்காகக் கேட்கவில்லை. செட்டின் முதுகு கொதிக்கிறது. மீட்டரோ 1.00. கம்பத்தில் ஏறி கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு, நடு ஊசி அரித்துப் பாதிதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து மீட்டரைப் பிரித்தேன். நாலு ஸ்க்ரூவின் தலையிலும் ஏற்கெனவே யாரோ திருகிய தழும்பு. உள்ளே, ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவரை அளக்கிற டையோடு கருகிக் கிடக்கிறது. எவரோ அதிக வாட் செட்டை மாட்டி எரித்த பீஸ்! அந்த டையோடு செத்தால் திரும்பி வருவது பூஜ்யம் என்றுதான் மீட்டர் கணக்குப் போடும், எதை மாட்டினாலும் 1.00. கடையில் காட்டிய கச்சிதமும் இதுதான். உண்மையில் 3 என்று இருந்தால் கால் பங்கு பவர் திரும்பி வரும்; 25 வாட்டில் 6 வாட்டுக்கு மேல். நடுக்கடலில் செட் போனால் யார் பதில் சொல்வது?

கடைக்குப் போன் போட்டேன். முதலில் "உங்க கேபிள்ல பிரச்சினை சார்." நேரில் போனால் "ஓனர் ஊர்ல இல்ல." சொன்னவர் உட்கார்ந்திருந்தது ஓனர் நாற்காலியில். கருகிய டையோடைக் காட்டினால் "ஐயோ, பிரிச்சுட்டீங்களே, இனி ஒண்ணும் பண்ண முடியாது." சீட்டை நீட்டினால் "இது பில்லே இல்லையே சார்." கொடுத்ததே அவர்தான்! இப்போது போனையே எடுப்பதில்லை. 9,500 ரூபாய். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கேயும் பில்தான் கேட்கிறார்கள்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது நேரமில்லை, ஓனர்கள் போன் மேல் போன். மீட்டரின் ஆன்டெனா பக்கத்தில் T வடிவ கனெக்டர் போட்டு, அதில் இரண்டு 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) மாட்டி, குறைந்த பவரில் பட்டனை அமுக்குங்கள். 2-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 1.00 காட்டினால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 27 மெகாஹெர்ட்ஸ் சிபி (பொதுமக்கள் ரேடியோ) மீட்டரை, நம் படகு செட்டுக்கான விஎச்எஃப் மீட்டர் என்று தலையில் கட்டுவார்கள், பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஸ்க்ரூ தலையைப் பாருங்கள். எஸ்டிமேட் சீட்டுக்குக் காசு அனுப்பாதீர்கள்.

இந்தத் தடைக்காலத்தில் என்னிடம் ஆன்டெனா பார்த்த போட் ஓனர்கள் கூப்பிடுங்கள். மீட்டர் இரவல் வாங்கியிருக்கிறேன், மறுபடி பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம்.